குட்டிக் குழல் காட்டிய வழி

சோதித்துப் பார்ப்பவர் என்றொரு பிறவி உண்டு. சமைக்க மாட்டார், அடுப்பு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். ஊருக்குப் போக மாட்டார், பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடுவார். இவரை எந்த நாட்டிலும் எந்தத் தொழிலிலும் பார்க்கலாம் என்றாலும், முதல் தரமான விளைச்சலைக் காண வேண்டுமென்றால் வானத்தைப் படம் பிடிக்கிறவர்களிடம்தான் போக வேண்டும். எங்கள் கெய்ரோவில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலமானால் காரின் பின்சீட்டில் தொலைநோக்கியை உட்கார வைத்து, அதற்கு பெல்ட் போட்டு, தலைக்குத் தலையணை வைத்து, ஃபயூம் பக்கத்துப் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பெற்ற பிள்ளைகள் அதே சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் பள்ளிக்கூடம் போகும், அது வேறு விஷயம்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். "நேத்து படம் எடுத்தீங்களா?" என்று கேளுங்கள். எடுத்தேன் என்றும் சொல்ல மாட்டார், எடுக்கவில்லை என்றும் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "நேத்து சும்மா டெஸ்ட்டுதான்" என்பார். போன வாரம்? அதுவும் டெஸ்ட். அடுத்த வாரம்? அடுத்த வாரம் ஒரு முக்கியமான டெஸ்ட் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் ஷௌக்கி இந்தப் பிறவியின் மாணிக்கம். எங்கள் ஊரில் டை கட்டியவரெல்லாம் டாக்டர், கட்டாதவரெல்லாம் இன்ஜினியர். ஷௌக்கி நிஜமாகவே இன்ஜினியர். அதனால் தெருவில் யாராவது "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட்டால், தன்னைத்தானா என்று சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பார். நகரத்துத் தெருவிளக்குகளுக்குப் பொறுப்பான ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. பகலெல்லாம் விளக்குப் போடுவார். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "இந்த ஊர்ல வெளிச்சம் ஜாஸ்தி வாத்தியாரே, வானமே தெரிய மாட்டேங்குது" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒரு மாதம் பேசவில்லை.

ஷௌக்கி முதலில் முக்காலியைச் சோதித்தார். முக்காலி நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றதுமே சந்தேகம் வந்து இன்னொரு முக்காலி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது அதிகம் நன்றாக இருக்கிறது என்று சோதித்தார். பிறகு மோட்டார், பிறகு மோட்டாருக்குப் போகிற வயர், பிறகு அந்த வயரைக் கட்டி வைக்கிற பட்டை. நாலு தூறல் விழுந்தாலே தெருவெல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்க்கிற கெய்ரோவில், தொலைநோக்கிக்கு மழையுறை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கிறார். அதையும் சோதிக்க வேண்டுமே.

இவர்கள் காப்பிக்கடையில் கூடிப் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

"அந்த வளையத்தைத் திருகினியா, தள்ளினியா?"

"முதல்ல திருகினேன்."

"அங்கதான் தப்பு பண்ணிட்ட."

ஒருநாள் ஹூக்காவுக்குக் கரி கொண்டுவந்த பையன் பவ்யமாகக் கேட்டான்: "சார், சனி கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?" ஷௌக்கியின் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், "இருக்குன்னுதான் கேள்வி" என்றார்.

இப்படிப்பட்டவர் கையில் போன குளிர்காலத்தில் ஒரு வழிகாட்டிக் குழல், அவர் பாஷையில் கைடு ஸ்கோப், வந்து சேர்ந்தது. அது என்ன என்கிறீர்களா? பூமி சும்மா இருப்பதில்லை, சுற்றுகிறது. அதனால் வானம் நம் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மங்கலான ஒன்றைப் படம் பிடிக்கக் கேமராவின் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அத்தனை நேரமும் தொலைநோக்கி வானத்தின் கூடவே திரும்ப வேண்டும். திருப்புவதற்கு மோட்டார். மோட்டார் ஒழுங்காகத் திருப்புகிறதா என்று பார்ப்பதற்கு, பெரிய குழலின் முதுகில் ஒரு சின்னக் குழல், வெள்ளரிக்காய் அளவு. அதன் வாலில் ஒரு குட்டிக் கேமரா. அந்தக் கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தை விடாமல் முறைத்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் மயிரிழை விலகினால் லாப்டாப்பிடம் கோள் சொல்லும், லாப்டாப் மோட்டாரை அதட்டும், மோட்டார் திருந்தும். எங்கள் அரசாங்க ஆபீஸ்களை அறிந்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட ஏற்பாடுதான். வேலை செய்பவர் ஒருவர், அவர் செய்கிறாரா என்று பார்ப்பவர் ஒருவர், பார்த்ததை மேலே சொல்பவர் ஒருவர்.

இத்தனை கோள்மூட்டலும் லாப்டாப் திரையில் ஒரு கோடாக ஓடும். ஆட்டம் இருந்தால் கோடு மேடும் பள்ளமுமாகப் போகும். ஆட்டம் இல்லாவிட்டால் இஸ்திரி போட்டதுபோல நேராகப் போகும். சோதித்துப் பார்ப்பவருக்கு அந்த நேர்கோடுதான் இம்மை, மறுமை எல்லாம். படம் என்று ஒன்று இதற்கெல்லாம் முடிவில் வர வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

மறக்காதவர் ஒருவர் வீட்டில் இருந்தார். ஷௌக்கியின் மனைவி நாஹித்துக்கு மருந்துக்கடையில் வேலை. எங்கள் வழக்கப்படி நாங்கள் அவரை டாக்டரம்மா என்போம். நாள் முழுக்கப் புட்டிகளோடு புழங்குகிறவர் என்பதால், திறந்த வாயோடு எந்தப் பொருள் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. சர்க்கரை டப்பாவை நீங்கள் திறந்து கரண்டியை எடுக்கத் திரும்புவதற்குள் அது மூடியிருக்கும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஹாலில் இருக்கும் தங்க முலாம் நாற்காலிகளுக்கு வெள்ளைத்துணி உறை, அந்தத் துணி அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய துணி. விருந்தாளி வரும் நாளில் மட்டும் அந்த நாற்காலிகள் வெளிச்சத்தைப் பார்க்கும்.

அந்த ஹாலின் நடுச்சுவரில், நாற்காலிக்கு ஜோடியாகத் தங்க முலாம் பூசிய பெரிய ஃபிரேம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலி ஃபிரேம். தொலைநோக்கி வாங்கிய புதிதில் ஷௌக்கி, வேட்டைக்கார நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே பூ விரிந்தாற்போலத் தெரியும் ஒளிமேகத்தைப் படமெடுத்து மாட்டுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். நாஹித் அதை நம்பி அன்றே ஆணி அடித்தார். வருஷங்கள் ஓடின. விருந்தாளிகள் கேட்பார்கள், இது என்ன என்று. "என் வீட்டுக்காரர் எடுத்த வானம். நல்லா உத்துப் பாருங்க" என்பார் நாஹித். அவருடைய அண்ணன் ஜெனரல் சர்வத், ஓய்வு பெற்றும் மீசை ஓய்வு பெறாதவர், வரும்போதெல்லாம் அதன் எதிரே விறைப்பாக நின்று, "மாப்ளே, இன்னைக்கும் அமாவாசையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். உலகத்தில் ஷௌக்கி மனதார வெறுத்தது இரண்டுதான்: மேகம், மச்சான்.

இந்த நிலையில்தான் அவர்கள் பெண் தாலியாவுக்கு ஒரு வரன் கூடிவந்தது. வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பையன் வீட்டார் வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பு வழங்கப்பட்டது.

"ஷௌக்கி, வெள்ளிக்கிழமை அந்த ஃபிரேம் காலியா இருக்கக் கூடாது."

"புதுசா கைடு ஸ்கோப் வந்திருக்கு நாஹித். மொதல்ல அதை ஒரு டெஸ்ட் பண்ணிட்டு..."

"டெஸ்ட் பண்ணு, பரீட்சை வை, மார்க் போடு. எனக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை அங்க ஒரு படம் தொங்கணும். உன் படம் இல்லேன்னா எங்கண்ணன் படம். சோஃபா பின்னால ரெடியா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். செய்தித்தாள் சுற்றி ஜெனரல் சாய்ந்து நின்றார். தாள் கிழிந்த இடத்தில் பதக்கங்கள் மட்டும் தெரிந்தன.

ஷௌக்கியின் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் பார்த்ததில்லை. தன் வீட்டு ஹாலில், தன் மகளின் நிச்சயத்தில், தான் அடிக்க வைத்த ஆணியில் மச்சான் தொங்குவதா? அன்றே வேலையில் இறங்கினார். வேலை என்றால் என்ன? சோதனைதான்.

பட்டப்பகலில் மொட்டைமாடியில், டிஷ் ஆன்டெனாக்களுக்கும் புறாக்கூண்டுகளுக்கும் நடுவில் குட்டிக் குழலை நிறுத்தி, தூரத்து மசூதிக் கோபுரத்தின் உச்சிப் பிறையைப் பார்த்துக் கூர்மை சரிசெய்தார். பிறைக்கும் குழலுக்கும் நடுவில் பக்கத்துக் கட்டடத்துக் கொடியில் துணி காய்ந்தது.

"இன்ஜினியர் சார், அந்தக் குழாயை வேற பக்கம் திருப்புறீங்களா, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?" என்றது கொடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். ஷௌக்கி கண்ணை எடுக்காமலே, "கவலைப்படாதீங்கம்மா, இது சும்மா டெஸ்ட்டுதான்" என்றார். அந்த அம்மாளுக்கு அது ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை. இருட்டியதும் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, மோட்டார் எந்த அதட்டலுக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை லாப்டாப்புக்குக் கற்றுக்கொடுத்துச் சேமித்து வைத்தார். "இனி ஒவ்வொரு தடவையும் கத்துக்குடுக்க வேண்டாம் வாத்தியாரே, அதுவே ஞாபகம் வெச்சிருக்கும்" என்றார். இதை நீங்களும் ஞாபகம் வைத்திருங்கள்.

வியாழக்கிழமை கிளம்பினோம். காரை நான் ஓட்டினேன். நாஹித்தும் வந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. "படம்னு ஒண்ணு எடுக்கிறாரான்னு பார்க்க ஆள் வேணாமா?" என்றார். குழலுக்கு மேல் குழல் வைத்து மேற்பார்க்கிற கணவருக்கு மேலே அவர் ஒரு மேற்பார்வை. பின்சீட்டில் தொலைநோக்கிக்கு இடம் போக மிச்சமிருந்த இடத்தில், மடியில் திராட்சை இலைச்சுருள் பாத்திரத்தோடு ஒடுங்கி உட்கார்ந்து வந்தார். பாத்திரத்துக்கு மூடி, மூடிக்கு மேல் துணி, துணிக்கு மேல் கயிறு.

பாலைவனத்தில் இருட்டு இறங்கியபோது, ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கெய்ரோவில் எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்கள் அங்கே கொட்டிக் கிடந்தன. நாஹித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, "இதுக்குத்தான் வராரா ஒவ்வொரு வாரமும்?" என்றார் மெதுவாக. அவர் குரலில் அப்போது கேலி இல்லை. இதற்காக வருகிறவரோ அண்ணாந்து பார்க்கவே இல்லை. குனிந்து வயர்களைச் சொருகிக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டியாயிற்று. குட்டிக் குழல் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தது. கோடு ஓடியது, ஆனால் ஆடியது. கொஞ்சம்தான், எல்லா மோட்டாரும் ஆடுகிற அளவுக்கு. மற்றவர்களாக இருந்தால் போதும் என்று படமெடுக்கத் தொடங்கியிருப்பார்கள். ஷௌக்கிக்கு மனசு கேட்கவில்லை. அந்த நேரம் காற்று வேறு எழும்பி மணலைக் கொஞ்சம் கிளப்பியது. "மொதல்ல தொழுதுட்டு சாப்பிடுவோம், காத்து அடங்கட்டும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு காரின் மறைவுக்கு வந்தார். நாங்கள் தொழுதோம், இலைச்சுருளை வாயில் போட்டோம். நாஹித் சும்மா இருப்பாரா? டார்ச் வெளிச்சத்தில் அங்குமிங்கும் போய், சர்க்கரை டப்பா, ஃபிளாஸ்க், தண்ணீர்க் கேன் என்று மணல் விழக்கூடியதையெல்லாம் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாப்பிட்டு வந்து ஷௌக்கி லாப்டாப்பைப் பார்த்தார். பிடித்து வைத்திருந்த நட்சத்திரத்தைக் காணவில்லை. அதனாலென்ன, நீயே ஒன்றைப் பிடித்துக்கொள் என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினார். திரை முழுக்க மை பூசியதுபோலக் கருப்பு. அதன் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி லாப்டாப் ஒரு பச்சைக் கட்டம் போட்டது.

"ஒரு நட்சத்திரம்தான் தெரியுது?" என்றேன்.

"அதுதான் வாத்தியாரே இருட்டுங்கிறது" என்றார் ஷௌக்கி, குரல் தழுதழுக்க. "கெய்ரோவுல ஸ்க்ரீன் எப்பவும் சாம்பலாத்தான் இருக்கும். இங்க பாரு, என்ன கருப்பு. நமக்கு ஒண்ணு போதும்."

தலைக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

கோடு ஓடத் தொடங்கியது. நேராக. மேடில்லை, பள்ளமில்லை, ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி. ஷௌக்கி மூச்சு விடவே பயந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், அப்போதும் நேர். பெரிய கேமராவைப் படமெடுக்க முடுக்கிவிட்டார்.

"நாஹித், இங்க வா. பாரு."

"என்ன பார்க்கணும்?"

"கோடு."

"தெரியுது."

"ஆடுதா?"

"ஆடல."

"அதுதான்."

நாஹித் கொஞ்ச நேரம் மரியாதையாகக் கோட்டைப் பார்த்தார். "நல்லா இருக்கு. படம்?"

"அது பாட்டுக்கு விழுந்துக்கிட்டு இருக்கு."

விழுகிற படம் எப்படி விழுகிறது என்று பெரிய கேமராவில் ஒன்றைத் திறந்து பார்க்கலாமே என்றேன். குழந்தை தூங்கும்போது தொட்டிலை உதைக்கச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். தொட்டால் ஆடிவிடுமாம். கோடு நேராக இருக்கும்போது படத்தைச் சந்தேகப்படுவது நன்றிகெட்டதனமாம். அதற்குப் பதில் கோட்டைப் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். "மாஷா அல்லாஹ்" என்று பதில்கள் வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் பொறாமை தாங்காமல், "உங்க பக்கம் காத்தே அடிக்கலியா?" என்று கேட்டிருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் ஷௌக்கி பாட்டு முணுமுணுத்தார். "உங்கண்ணன் படத்தைத் திருப்பி அனுப்பிடு" என்று பின்சீட்டைப் பார்த்துச் சொன்னார். நாஹித் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தபடி சிரித்தார். எனக்கு இருவரையும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் படங்களைத் திறந்தார். ஒளிமேகம் எங்கே? மங்கலாக ஓர் இழுவல். நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்க வேண்டாமா? ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் சாய்ந்த கோடாக இழுபட்டிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படியே. ஷௌக்கி யாரையெல்லாம் சந்தேகப்பட்டார் தெரியுமா? காற்றை. நான் கார்க்கதவைச் சாத்தியதை. நாஹித் டார்ச்சோடு நடந்ததை. கடைசியில் பூமியை. குட்டிக் குழலை மட்டும் சந்தேகப்படவில்லை. கோடுதான் நேராக இருந்ததே.

ஜும்மா தொழுகை முடிந்து நான் மேலே போனபோது நாஹித் சமையலறையில் இருந்தார். ஷௌக்கி ஃபிரேமை மாட்டி, மூன்றடி பின்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். கீழே கல்யாண பேனர் அடிக்கிற கடையில் பெரிதாக அடித்து வாங்கி வந்திருந்தார். கருப்புப் பின்னணி. அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நேர்கோடு.

"கிராஃபையா மாட்டினீர்?"

"படம் எவன் வேணா எடுப்பான் வாத்தியாரே. இந்தக் கோடு எவனுக்கு வரும், சொல்லு."

விருந்தாளிகள் வந்தார்கள். நாற்காலிகள் உறை கழற்றி மின்னின. மாப்பிள்ளைப் பையன் ஹாதிம் வெட்கத்தோடு உட்கார்ந்தான். அவன் அப்பா பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். அவன் அம்மா இன்ஷிராஹ், அலெக்ஸாண்ட்ரியாவில் இதய நோய் வார்டுக்குத் தலைமை நர்ஸ், குரலிலேயே ஊசி போடுகிறவர். ஜெனரல் சர்வத் சோஃபாவில், தன் படத்துக்கு நேர் முன்னால், பொறுமையாக அமர்ந்திருந்தார். ரோஜா சர்பத் வந்தது. இன்ஷிராஹ் ஒரு வாய் குடித்தார். அண்ணாந்து ஃபிரேமைப் பார்த்தார். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னா லில்லாஹி" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். "யாரு சார், உங்க அப்பாவா?"

ஷௌக்கிக்குப் புரியவில்லை. "எங்கப்பாவா?"

"கடைசி நேரத்துல எடுத்ததா? நான் இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கேன். ஆனா ஃபிரேம் போட்டு ஹால்ல வெச்சவங்களைப் பார்த்ததில்ல. ரொம்பப் பாசம் சார் உங்களுக்கு."

பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த சம்பந்தி கடிப்பதை நிறுத்தி, இரண்டு கையையும் ஏந்தி இறந்தவருக்காகத் துஆ கேட்டார். நாஹித்தின் முகம் சிவந்து வெளுத்தது. ஷௌக்கி எழுந்து நின்று விளக்கத் தொடங்கினார்: பூமி, மோட்டார், குட்டிக் குழல், மயிரிழை. "கோடு எவ்வளவு நேரா இருக்கோ அவ்வளவு நல்லதும்மா."

"எங்க வார்டுல இவ்வளவு நேரா வந்தா வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடுவோம்" என்றார் இன்ஷிராஹ்.

"சாப்பாட்டுக்கு முன்னால எனக்கும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தது. சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், கப்புன்னு நேராயிடுச்சு. இத்தனை வருஷத்து உழைப்பு..."

"சாப்பாட்டுக்கு முன்னாலயா?" என்று நாஹித் குறுக்கிட்டார். நெற்றி சுருங்கியது. "அப்ப அந்தச் சின்னக் குழாய் திறந்துல்ல கிடந்தது. மண்ணு விழுதேன்னு நான்தான் மூடி போட்டேன். காலையிலகூட மூடித்தான் இருந்தது. எடுக்கவே இல்லியா நீ?"

எனக்கு அந்தக் கருப்புத் திரை ஞாபகம் வந்தது. அந்த ஒற்றைப் புள்ளி நட்சத்திரமே இல்லை. குட்டிக் கேமராவுக்குள்ளேயே சாகாமல் எரிந்துகொண்டிருக்கிற ஒரு பழுதான புள்ளி. மூடியின் இருட்டில் அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. மோட்டாரின் குணத்தை முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்த லாப்டாப்பும் மறுபேச்சில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டது. அசையாததை முறைத்தால் கோடு எப்படி அசையும்? வானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, கண்ணை மூடிய கண்காணிப்பாளர் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஜெனரல் தொண்டையைச் செருமினார். மீசைக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

தாலியாதான் அப்பாவைக் காப்பாற்ற வந்தாள். "அப்பா நெசமாவே எடுத்த படமும் இருக்கு" என்று அந்த இழுபட்ட படத்தைத் தன் செல்போனில் வரவழைத்து மாமியாராகப் போகிறவரிடம் நீட்டினாள். இன்ஷிராஹ் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய வார்டு முகம் அவிழ்ந்து வேறொரு முகம் வந்தது.

"அட, மழை" என்றார். "இது எங்க ஊரு மழை. கடல் பக்கத்துலேர்ந்து இப்படித்தான் சாய்ஞ்சு அடிக்கும். நைட் டூட்டி முடிச்சு வெளியில வந்தா தெருவிளக்குல இதே மாதிரிதான் தெரியும். என்ன அழகா எடுத்திருக்கீங்க சார்."

செல்போன் கைமாறியது. சம்பந்தி பார்த்தார், ஹாதிம் பார்த்தான். ஜெனரல்கூட வாங்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் வாயில் அது பதக்கத்துக்குச் சமம். கடைசியில் நாஹித்தின் கைக்கு வந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். முந்தின ராத்திரி பாலைவனத்தில் அண்ணாந்து நின்றபோது இருந்த முகம் அது.

"ஷௌக்கி, இதை மாட்டலாம்" என்றார்.

"மாட்டுங்க சார், எனக்கும் ஒண்ணு குடுங்க, வார்டுல வைக்கிறேன்" என்றார் இன்ஷிராஹ்.

நீங்களே சொல்லுங்கள், வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? ஃபிரேம் இருக்கிறது, படம் இருக்கிறது, மனைவி கேட்கிறார், சம்பந்தியம்மாள் கேட்கிறார், மச்சான் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார். கீழே பேனர் கடை திறந்திருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை. நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

ஷௌக்கி கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"அது முடியாதுங்க. நட்சத்திரம் உருண்டையா வரல. அது சும்மா டெஸ்ட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். நாஹித் செல்போனை மகளிடம் கொடுத்துவிட்டு, சோஃபாவுக்குப் பின்னால் போய், செய்தித்தாளைப் பிரித்தார். ஜெனரல் எழுந்து தங்கைக்கு உதவினார். அவருடைய படத்துக்குக் கீழேதான் ஃபாத்திஹா ஓதினோம். நிச்சயம் நல்லபடி முடிந்தது. ஜெனரல் இன்றும் அந்த ஆணியில்தான் இருக்கிறார். விருந்தாளி இல்லாத நாட்களில் நாஹித் அவர்மேலும் ஒரு வெள்ளைத்துணி போட்டுவிடுகிறார்.

மழைப்படம் அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு வார்டுச் சுவரில் தொங்குவதாகக் கேள்வி. தாலியா ரகசியமாக அனுப்பியிருக்கிறாள். ஷௌக்கிக்குத் தெரியாது. அவருக்கு நேரமேது? மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, குட்டிக் குழலுக்கு எதிரே பொருத்துகிற ஒரு குட்டிக் கேமரா வாங்கியிருக்கிறார். "வியாழக்கிழமை வரியா வாத்தியாரே? படமெல்லாம் இல்ல, சும்மா..." என்றார் நேற்று. மிச்சத்தை நான் கேட்கவில்லை.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே படித்துவிட்டீர்கள். எனக்கென்ன, என்னிடம் தொலைநோக்கியே இல்லை என்கிறீர்கள். தொலைநோக்கியா கேட்டேன்? நல்ல நாளில் எடுக்கலாமென்று பரணில் ஏற்றிய அந்தத் தட்டு வரிசை யாருடையது? நடைப்பயிற்சிக்கு வாங்கி, வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்து, கடிக்கவில்லை என்று திருப்திப்பட்டு, பெட்டிக்குள் திரும்பிப் போன அந்தச் செருப்பு? எழுதப்போகிற நாவலுக்காக வாங்கிய பேனா நன்றாக எழுதுகிறதா என்று எத்தனை வருஷமாகக் கையெழுத்தே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

போகட்டும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உங்கள் வாழ்க்கையில் எல்லாம் ஆட்டமில்லாமல் நேராகப் போகிறது என்று நெஞ்சு நிமிர்கிற அன்றைக்கு, எழுந்து முன்பக்கம் போய் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள். மூடி தட்டுப்பட்டால் வீட்டில் யாரையும் திட்டாதீர்கள். தூசி படக் கூடாதே என்று போட்டிருப்பார்கள். நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று நம்பியிருப்பார்கள்.